மந்தையோடு இருந்தபடியே படித்த மேய்ப்பர்கள்



பங்குத்தந்தை ஒருவர் மேற்படிப்புக்குப் போகிறார் என்ற செய்தி பரவியதும், பங்கில் இரண்டு விதமான பேச்சு எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். "நம்ம சாமி டாக்டர் பட்டம் வாங்கப் போறாராம்" என்று ஒரு வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்த வீட்டில், "குருமடத்தில் இத்தனை வருஷம் படிச்சது போதாதா? இனி படுக்கையில் கிடக்கிறவங்களுக்கு நன்மை கொடுக்க யார் வருவாங்க?" என்று கேட்பார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. படிக்காத மேய்ப்பரிடம் மந்தை பசியோடு நிற்கும். படிக்கப் போய்விட்ட மேய்ப்பரைத் தேடி மந்தை கலங்கும்.

இந்தக் கேள்வி நம் காலத்தில் புதிதாகப் பிறந்தது அன்று. திருச்சபை இதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்து வந்திருக்கிறது. திருத்தந்தையர் இதற்காகச் சட்டம் எழுதியிருக்கிறார்கள், பொதுச்சங்கங்கள் இதைப் பற்றி விவாதித்திருக்கின்றன. பணியில் இருக்கும் அருள்பணியாளர்களுக்கும் போதகர்களுக்கும் என்றே 'மேய்ப்புப்பணி முனைவர்' என்றொரு பட்டமும் இன்று உலகில் இருக்கிறது. அந்தப் பட்டம் வரை வந்து சேர்ந்த நீண்ட பாதையை இன்று சேர்ந்து நடந்து பார்ப்போம்.

உள்ளங்களின் மருத்துவர்

கி.பி. 590-இல் உரோமையின் ஆயராகப் பொறுப்பேற்றவர் புனித பெரிய கிரகோரியார். அது கொள்ளைநோயும் பஞ்சமும் போரும் உரோமையை வாட்டிய காலம். துறவு மடத்தின் அமைதியை விட்டு வர மனமில்லாமல் தயங்கிய அவர், அந்தத் தயக்கத்துக்கு விளக்கம் சொல்வதுபோல் ஒரு நூல் எழுதினார். 'மேய்ப்புப்பணி ஒழுங்கு' என்று நாம் அதை அழைக்கலாம். மனித ஆன்மாக்களை வழிநடத்துவது எல்லாக் கலைகளிலும் உயர்ந்த கலை என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. மூலிகைகளின் குணம் தெரியாதவன் வைத்தியம் பார்க்க அஞ்சுகிறான். ஆனால் உள்ளத்தின் காயங்களை அறியாதவர்கள் உள்ளத்துக்கு மருத்துவராக முன்வரத் தயங்குவதில்லையே என்று அவர் வருந்துகிறார்.

அந்த நூலின் மூன்றாம் பகுதி இன்றும் நமக்கு வியப்பைத் தருகிறது. செல்வருக்கும் ஏழைக்கும், துயரப்படுபவருக்கும் மகிழ்ந்திருப்பவருக்கும், கூச்சமுள்ளவருக்கும் துணிச்சல்காரருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் எப்படிப் பேச வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். இந்த அறிவு மக்களோடு பழகி, கவனித்து, சிந்தித்துப் பெற்றது. மேய்ப்பரின் படிப்பு மக்களிடமிருந்தும் வர வேண்டும் என்ற விதை அங்கேயே விழுந்துவிட்டது.

படிக்க அனுப்பிய சட்டம்

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் நாட்டுப்புறப் பங்குகளில் பணிபுரிந்த பெரும்பாலான குருக்களுக்கு முறையான படிப்பு கிடையாது. குருமடங்கள் அப்போது இல்லை. மூத்த குரு ஒருவரோடு தங்கி, திருப்பலி செபங்களையும் கொஞ்சம் இலத்தீனையும் கற்றுக்கொள்வதே வழி. இந்தக் குறையைத் திருச்சபை அறிந்தே இருந்தது. 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியர் இருந்து குருகுலத்தாருக்கும் ஏழை மாணவருக்கும் கட்டணம் வாங்காமல் கற்பிக்க வேண்டும் என்றது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதை மறுபடி வலியுறுத்தியது. தகுதியில்லாத பலரைவிடத் தகுதியுள்ள சிலர் மேல் என்ற கருத்தையும் ஆயர்களுக்கு எடுத்துச் சொன்னது. 1219-இல் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ், இறையியல் படிக்கச் செல்வோர் ஐந்து ஆண்டுகள் தங்கள் கோவில் வருமானத்தைப் பெற்றுக்கொள்ள வழி செய்தார்.

இதே காலத்தில் இன்னொரு நோயும் பரவியிருந்தது. அன்று ஒரு பங்கின் நிலத்து விளைச்சலும், மக்கள் செலுத்திய தசமபாகமும் அந்தப் பங்கின் பொறுப்பாளருக்கு வருமானமாகச் சேர்ந்தன. அந்த வருமானத்துக்காகவே, குருப்பட்டம் பெறாத இளைஞர்கள்கூட நிலப்பிரபுக்களின் பரிந்துரையால் பங்குகளைப் பெற்றார்கள். அவர்களில் பலர் பங்கின் எல்லையை மிதிப்பதே அரிது. இதைத் தடுக்க 1274-இல் லியோன் நகரில் கூடிய பொதுச்சங்கம் கண்டிப்பாகப் பேசியது. பங்கைப் பெறுபவருக்கு இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், அவர் பங்கிலேயே தங்க வேண்டும், ஓராண்டுக்குள் குருப்பட்டம் பெற வேண்டும் என்று விதித்தது.

நல்ல சட்டந்தான். ஆனால் அதன் விளைவாக ஒரு கதவு மூடிக்கொண்டது. பாரீசுக்கும் பொலோஞாவுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் படிக்கப் போக விரும்பிய பங்குப் பொறுப்பாளர் இனி எப்படிப் போவது? படிப்பு வேண்டும் என்று ஒரு சங்கம் சொல்ல, ஊரைவிட்டு நகரக்கூடாது என்று இன்னொரு சங்கம் சொல்லிவிட்டது.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ். 1298-இல் அவர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் 'கும் எக்ஸ் ஏயோ' என்று தொடங்கும் ஒரு விதி உண்டு. அதன்படி, பங்கின் பொறுப்பாளர் ஒருவர் படிப்பதற்காக ஏழு ஆண்டுகள் வரை பங்கைவிட்டு வெளியே இருக்க ஆயர் அனுமதிக்கலாம். முதல் ஆண்டுக்குள் அவர் துணைத் திருத்தொண்டர் பட்டம் பெற வேண்டும். ஏழு ஆண்டு முடிந்தபின் ஓராண்டுக்குள் குருவாக வேண்டும். அவர் இல்லாத காலத்தில் மக்களைக் கவனிக்கத் தகுதியான பதில் குரு ஒருவரை அமர்த்தி, அவருக்குப் போதுமான ஊதியத்தைப் பங்கின் வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.

இறைமக்களே, இந்த விதியில் இருக்கும் அக்கறையைக் கவனியுங்கள். ஏழை வீட்டுப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போக இது உதவியது. கால வரம்பு, ஆயரின் கண்காணிப்பு, பதில் குருவுக்குச் சம்பளம் என மூன்று பாதுகாப்புகளும் இருந்தன. இங்கிலாந்து மறைமாவட்டங்களின் பழைய பதிவேடுகளில் இந்த அனுமதி பெற்றுச் சென்றவர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் காணக் கிடக்கின்றன. அவர்களில் பலர் அறிவோடு திரும்பி வந்து மக்களுக்கு ஊழியம் செய்திருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு.

ஆனால் செலவு யாருடையது என்று கேட்டுப் பார்ப்போம். உழுது விதைத்த குடியானவர் கொடுத்த தசமபாகத்தில்தான் அந்தப் படிப்பு நடந்தது. குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும், சாகக் கிடந்தவர் அருகில் முழந்தாளிட்டதும் பதில் குரு. பட்டம் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆயர் இல்லங்களிலும் அரசவைகளிலும் வேலை காத்திருந்தது. அப்படிப் போனவர்களின் படிப்புக்குச் செலவு செய்த ஊருக்குக் கைக்கு வந்தது எதுவுமில்லை. போனிபாஸ் விதி எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. மேய்ப்பரின் படிப்பு யாருக்காக?

குருமடம் வந்தது, படிப்பு அங்கே நின்றது

மேய்ப்பர் தம் மந்தையோடு தங்க வேண்டும் என்பதைத் திரிதெந்து பொதுச்சங்கம் மீண்டும் உறுதியாகச் சொன்னது. 1563 ஜூலை 15-ஆம் நாள் நடந்த அதன் இருபத்து மூன்றாம் அமர்வில், பங்குத்தந்தையர் ஆயரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பங்கைவிட்டு விலகியிருக்கக் கூடாது என்றும், பெரிய காரணம் இல்லாவிட்டால் அந்த அனுமதி இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்றும் முடிவாயிற்று. அதே நாளில்தான் மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்க வேண்டும் என்ற தீர்மானமும் வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவர்களைச் சேர்க்க வேண்டும், குறிப்பாக ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சங்கத் தந்தையர் விரும்பினார்கள்.

பழைய முடிச்சுக்கு இது நேர்த்தியான தீர்வு. முதலில் படிப்பு, பிறகு பங்கு. பங்கை ஏற்றபின் வெளியே ஓட வேண்டியதில்லை. இன்று நாம் பெற்றிருக்கும் குருமடப் பயிற்சி முழுவதும் அந்த ஒரு நாளின் தீர்மானத்திலிருந்து கிளைத்தது.

இதிலும் ஓர் இடைவெளி இருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் குருப்பட்டம் பெறுபவர் எழுபது வயது வரை பணி செய்கிறார். இளமையில் நிரப்பிய கிணறு அத்தனை ஆண்டுக்கும் வற்றாமல் இருக்குமா? மணமுறிவின் விளிம்பில் நிற்கும் தம்பதியர், தற்கொலையில் மகனை இழந்த தாய், குடியால் சிதைந்த குடும்பம் ஆகியோர் பாடப் புத்தகத்தில் வந்தபோது வெறும் சொற்களாக இருந்தார்கள். பங்குக்கு வந்தபிறகுதான் அவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். கேள்வி எழும் நேரத்தில் வகுப்பறை வெகு தொலைவில் இருக்கிறது.

இதை உணர்ந்த புனிதர்கள் உண்டு. புனித சார்லஸ் பொரோமேயோ மிலான் நகரில் 1564-இல் குருமடம் தொடங்கியதோடு நில்லாமல், பணியில் இருந்த குருக்கள் வட்டாரம் வட்டாரமாகக் கூடிப் பேசிக் கற்கவும் ஏற்பாடு செய்தார். பாரீசில் புனித வின்சென்ட் தே பவுல் 1633-இல் செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களைத் தொடங்கினார். குருக்கள் வாரம் ஒருநாள் கூடி, தங்கள் வாழ்வையும் பணியையும் பற்றித் தாங்கள் சிந்தித்ததை எளிமையாகப் பகிர்ந்துகொண்டு, மறுநாள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நம் மறைவட்டக் குருக்கள் கூட்டங்களுக்கு இவர்களே முன்னோர். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்த வழக்கத்தைச் சட்டமாகவே ஆக்கி, புதுக் குருக்கள் ஆண்டுதோறும் தேர்வு எழுத வேண்டும் என்றும், குருக்கள் ஆண்டில் பலமுறை கூடி அறநெறி, வழிபாடு பற்றி ஆராய வேண்டும் என்றும் கூறியது.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: "ஆர்ஸ் நகர்ப் புனித ஜான் மரிய வியான்னி எந்தப் பட்டம் வாங்கினார்? இலத்தீன் வராமல் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டவர்தானே? அவரைத்தானே பங்குத்தந்தையரின் பாதுகாவலர் என்கிறீர்கள்?" உண்மை. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட அந்த இளைஞரைத் தம் பங்கு இல்லத்திலேயே வைத்துப் பொறுமையோடு கற்பித்தவர் எக்குல்லி பங்குத்தந்தை பாலே. 1815-இல் குருவாகி, 1818-இல் ஆர்ஸ் வந்து சேர்ந்த வியான்னி, தம் மறையுரைகளுக்காக மணிக்கணக்கில் அமர்ந்து நூல்களைப் படித்தார், எழுதினார், மனப்பாடம் செய்தார். அவர் வைத்திருந்த நூல்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் ஆர்ஸில் இருக்கின்றன. பட்டம் இல்லாதவர்தான். படிக்காதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

மருத்துவமனையிலிருந்து பிறந்த பாடம்

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பாதை எதிர்பாராத ஓர் இடத்தில் திரும்பியது. அமெரிக்காவில் அன்டன் பாய்சன் என்றொரு சீர்திருத்த சபைப் போதகர் இருந்தார். 1920-இல் அவர் மனநோயால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தார். உள்ளம் உடைந்த மனிதரைப் புரிந்துகொள்ளப் போதகர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்பதைப் படுக்கையில் கிடந்தபடி கண்டுகொண்டார். குணமடைந்தபின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்மப் பணியாளராகச் சேர்ந்து, 1925 கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கே அழைத்து வந்தார். நூலைப் படிப்பதுபோல் துன்புறும் மனிதரையும் கவனமாகவும் மரியாதையோடும் படிக்க வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம். இன்று உலகெங்கும், கத்தோலிக்க மருத்துவமனைகளிலும், நோயாளரிடையே தரப்படும் மேய்ப்புப்பணிப் பயிற்சிக்கு அது தொடக்கமாயிற்று.

இந்தச் சிந்தனை வளர்ந்த மண்ணில்தான் அந்தப் பட்டமும் முளைத்தது. அமெரிக்க, கனடா இறையியல் கல்லூரிகளின் சங்கம் 1970-இல் 'டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி' என்ற பட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இதை வழக்கமான முனைவர் பட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பி.எச்.டி. படிப்பவர் நூலகத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, அறிஞர் உலகத்துக்குப் புதிய கருத்தொன்றைத் தருகிறார். பேராசிரியர்களை உருவாக்கும் படிப்பு அது, அதன் தேவையும் பெரிது. டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி படிப்பவரோ ஏற்கெனவே இறையியல் முதுகலை முடித்து, பொதுவாகச் சில ஆண்டுகளாவது பணியில் இருந்தவராக இருப்பார். அவர் பங்கைவிட்டுப் போவதில்லை. ஆண்டில் ஓரிரு முறை சில வாரங்கள் வகுப்புக்குச் சென்று திரும்புகிறார். மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை இது நீளும். கடைசியில் அவர் எழுதும் ஆய்வு தம் பங்கில் உள்ள உண்மையான சிக்கல் ஒன்றைப் பற்றியது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனியே வாழும் முதியவர்களை அன்பியங்கள் எப்படித் தாங்குவது? உறுதிபூசுதலோடு கோவிலுக்கு வருவதை நிறுத்திவிடும் இளையோரை எப்படி அணுகுவது? இப்படி ஒரு கேள்வியை எடுத்து, இறையியல் ஒளியில் சிந்தித்து, பங்கு மக்களோடு சேர்ந்து ஒரு முயற்சியைச் செய்து பார்த்து, அதன் பலனை நேர்மையாக எழுத வேண்டும்.

சீர்திருத்த சபைகளில் பெரிதும் வளர்ந்த இந்தப் பட்டத்தைப் பின்னர் சில கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களும் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கின. நம் நாட்டில் செராம்பூர் செனட் இதை வழங்குகிறது. உரோமை அங்கீகரிக்கும் திருச்சபைப் பட்டங்களின் வரிசையில் இது சேராது என்பதையும் நாம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குருமடத்தில் பேராசிரியராவதற்கு வேறு பட்டங்கள் உண்டு.

ஆனால் இதன் உள்நோக்கம் நமக்கு அந்நியமானது அன்று. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருத்துவப் பயிற்சி பற்றி வெளியிட்ட ஏட்டின் இறுதியில், குருக்களின் பயிற்சி குருமடத்தோடு முடியக் கூடாது என்றும், தேர்ந்தெடுத்த பங்குகளோடு இணைந்து செயல்படும் மேய்ப்புப்பணி நிறுவனங்கள் வேண்டும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, குருப்பட்டத்துக்குப் பிறகும் திருநூல் சார்ந்த படிப்பைத் தொடர்வது குருக்களின் கடமை என்கிறது. 1992-இல் புனித இரண்டாம் ஜான் பால் அருள்பணியாளர் உருவாக்கம் பற்றி எழுதிய மடலில் வாழ்நாள் முழுவதும் தொடரும் பயிற்சிக்கென ஓர் இயலையே ஒதுக்கினார்.

புதிய வழியிலும் பழைய ஆபத்து

இவ்வளவு சொன்னபின் ஆபத்துகளை மறைப்பது நேர்மையாகாது. போனிபாஸ் காலத்தில் மேய்ப்பர் உடலால் ஊரைவிட்டுப் போனார். இன்று மேய்ப்பர் ஊரிலேயே இருந்துகொண்டு மனத்தால் போய்விட முடியும். கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கும்போது, இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு தொந்தரவாகத் தோன்றலாம். பங்கு இல்லத்தில் விளக்கு எரிந்தும் கதவு மூடியிருந்தால், அதுவும் ஒருவகையில் பங்கில் தங்காமைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. துன்பத்தோடு வருபவரைத் தம் ஆய்வுக்குக் கிடைத்த ஒரு செய்தியாகப் பார்க்கும் ஆபத்து அது. ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டது எந்த ஆய்விலும், பெயரை மாற்றியும்கூட, நுழையவே முடியாது. நோயாளியின் கட்டிலருகே நம்பிக்கையோடு சொல்லப்பட்டதும் அவருடைய முழுச் சம்மதமின்றி வெளியே வரக் கூடாது. பட்டத்தைவிட அந்த நம்பிக்கை விலை உயர்ந்தது, ஒருமுறை போனால் திரும்பி வராதது. மூன்றாவதாக, பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று சேர்த்துக்கொள்ளும் ஆசை. அது குருக்களாகிய எங்களுக்கு மட்டும் இல்லாத ஆசை என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே, ஒரு பங்குத்தந்தை படிக்க விரும்பும்போது நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பங்குப் பேரவை இவற்றைத் தயங்காமல் கேட்கலாம். இந்தப் படிப்பு எங்கள் பங்கின் எந்தக் காயத்தைத் தொடப்போகிறது? இதற்கான செலவு எங்கிருந்து வருகிறது, அது எல்லோருக்கும் தெரியுமா? வகுப்புக்காக அவர் இல்லாத வாரங்களில் நோயாளரையும் இறந்தோர் வீட்டாரையும் யார் கவனிப்பார்கள்? முடிவில் அவர் கண்டறிந்ததைக் கல்லூரிக்கு மட்டும் அல்லாமல் எங்களுக்கும் எங்கள் மொழியில் சொல்வாரா? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால், அந்தப் படிப்புக்குத் தோள் கொடுப்பது பங்குக்கு நல்லது. வாரம் ஒருநாள் காலையில் அவருக்குப் படிக்க நேரம் விடுவதும், எளிய ஆவண வேலைகளைப் பொதுநிலையினர் ஏற்றுக்கொள்வதும் அந்தத் தோள் கொடுத்தலில் அடங்கும்.

பட்டத்துக்குப் போக வாய்ப்பில்லாத குருக்களே நம்மிடையே மிகப் பலர். அவர்களுக்கும் வின்சென்ட் தே பவுலின் செவ்வாய்க்கிழமை திறந்தே இருக்கிறது. ஒரு நல்ல நூல், மறைவட்டத்தில் ஒரு நேர்மையான உரையாடல், மறையுரைக்கு முன் இரண்டு மணி நேரத் தயாரிப்பு, இவற்றைக் கேட்டுப் பெற மக்களுக்கு உரிமை உண்டு. "சாமி, இந்த வாரம் என்ன படிச்சீங்க?" என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி எங்களைக் காப்பாற்றும்.

ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்ல ஆயராம் இயேசு, தம் மக்களை அறிய விரும்பும் மேய்ப்பர்களையும், தங்கள் மேய்ப்பர்களை உருவாக்கும் மக்களையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.